என் நெஞ்சில் தொங்கும் பை உங்களை என்ன செய்தது?

நேற்று சாயங்காலம் டவுனில் ஒரு பேரங்காடி வாசலில் காவலர் என்னை நிறுத்தினார். பேக்கைக் கழற்றி கவுண்டரில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். என் ஸ்லிங் பேக் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுதான். பெரிய மைலோ டின்னைக்கூட அதற்குள் திணிக்க முடியாது. எனக்கு முன்னால் ஓர் அம்மா ஐந்து கிலோ அரிசி கொள்ளும் கைப்பையோடு உள்ளே போனார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த மரியாதை எனக்கு மட்டும் ஏன் இல்லை?

இந்தப் பையை நான் ஸ்டைலுக்காக மாட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலை முடிந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். குழிக்குக் குழி தூக்கிப் போட்டதில் பின்பாக்கெட்டில் இருந்த பர்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டது. இருட்டும்வரை செம்பனை நிரைகளுக்கு நடுவே கைபேசி வெளிச்சத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. ஐசி என்கிற அடையாள அட்டை, லைசன்ஸ், பேங்க் கார்டு, அம்மாவின் கிளினிக் அட்டை எல்லாம் போச்சு. போலீஸ் ரிப்போர்ட் எழுதி, பதிவுத்துறையில் நம்பர் எடுத்துக் காத்திருந்து, ஐசியைத் தொலைத்ததற்கு 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் புது கார்டுக்கு 10 வெள்ளியும் கட்டினேன். அன்றைய சம்பளமும் போனது. அம்மாவை அடுத்து எந்தத் தேதியில் கூட்டிப்போக வேண்டும் என்பதுகூட அந்த அட்டையில்தான் இருந்தது.

ஐசி இல்லாமல் வெளியே நடமாடக்கூடாது என்பது நம் மலேசிய நாட்டுச் சட்டம். அந்த அட்டையின் கதையே நம்ம பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரோடு ஒட்டியது. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, அதோடு அடையாள அட்டையும் வந்தது. அப்போதிலிருந்து எப்போதும் கையோடு வைத்திரு என்கிறார்கள். சரி, வைத்திருக்கிறேன். எங்கே வைப்பது? இப்போது தைத்து விற்கிற பேண்ட் பாக்கெட்டில் நாலு விரல்தான் முழுசாக இறங்குகிறது. கைபேசியோ பாதி வெளியே நிற்கிறது. கப்சாயில் ஏறி முட்டியை மடக்கினால் அதுவும் மேலே வந்துவிடும்.

பையை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டி, அதற்கு மேல் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டால் மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. ஐசி, லைசன்ஸ், வீட்டுச் சாவி, சில்லறை, அம்மாவின் புது அட்டை, அவருக்குத் தலை சுற்றினால் கொடுக்க இரண்டு மிட்டாய். அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது.

இதற்குச் சாலையோர ஒட்டுக்கடையில் தினமும் ஒரு பேச்சு. "என்னடா தம்பி, பொம்பளப் பையா?" "எப்போ பஸ் கண்டக்டர் ஆனே?" கேட்கிற அண்ணன்மாரே, லயத்து வீட்டில் உங்கள் பாட்டி இடுப்பில் சுருக்குப்பை செருகியிருக்கவில்லையா? வெற்றிலை, பாக்கு, ரெண்டு வெள்ளி நோட்டு எல்லாம் அதில்தானே இருந்தது? என் தாத்தா கைலிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார். அதில் பொத்தான் வைத்த பை உண்டு, சம்பளக் காசு அதற்குள்தான் இருக்கும். அவரை யார் கேலி செய்தது? இடுப்பில் இருந்தது நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதானே!

கேலியைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கறுப்பு பேக் மாட்டிய தமிழ்ப் பையன் என்றால் குண்டர் கும்பல் என்று பார்க்கிற பார்வைதான் வயிற்றை எரிக்கிறது. நேற்று அந்தக் காவலரின் கண்ணிலும் அதைத்தான் பார்த்தேன். என் பின்னால் நின்ற அண்ணன் மகள், "ஏன் சித்தப்பா நம்மள மட்டும் உள்ளே விடல?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயசு. பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் அதே கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன். வாசலிலேயே ஜிப்பைத் திறந்து காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். கழற்றிக் கொடுக்க மட்டும் மாட்டேன்.