தொகையைக் கடைசியாகப் பாருங்கள்

எந்த விமான நிறுவனத்தில் சேரலாம் என்று இளம் பைலட்டுகளுக்குச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தின் வீடியோவை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம், எழுந்து கேள்வி கேட்டவன் நான்தான். மேடையில் இருந்தவர் விமான நிறுவனங்களைச் சம்பள வரிசைப்படி திரையில் போட்டு, மேலே இருப்பதில் சேருங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். ரோஸ்டர் (பணி அட்டவணை), பேஸ் (எந்த ஊரிலிருந்து பறப்பது), பாண்டு (பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை) பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டேன். "சாருக்கு வயதாகிவிட்டது, ரிஸ்க் எடுக்கப் பயப்படுகிறார்" என்றார். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் என்னோடு பறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். வலித்தது.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையைக் கடைசியாகப் பாருங்கள். அது மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து விழுமா என்பதை முதலில் பாருங்கள்.

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். மூன்றுமே ஒரு காலத்தில் பைலட்டுகள் ஆசை ஆசையாகச் சேர்ந்த இடங்கள். ஜெட்டின் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். அதாவது நின்று ஐந்து வருடம் கழித்து! அதுவரை சம்பள பாக்கிக்காகக் காத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கும் நடந்தது, வேறொரு நிறுவனத்தில். பெயர் வேண்டாம். கோ-பைலட்டாக இருந்தேன். முதலில் சம்பளம் பத்தாம் தேதி வந்தது, அப்புறம் மாதக் கடைசியில், அப்புறம் வரவேயில்லை. வீட்டுக்கடன் தவணைக்காக என் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த மாதங்களிலும் நான் சீருடை போட்டுக்கொண்டு பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டுதான் இருந்தேன். சம்பளத்தில் வரி பிடித்திருந்தார்கள், ஆனால் நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறவே இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்: சேருமுன் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், பிஎஃப் ஒழுங்காக ஏறுகிறதா, பிடித்த வரி கட்டப்படுகிறதா, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு கம்பெனி நொடிக்கப் போவது பத்திரிகைக்கு முன்னால் இன்ஜினியர்களுக்குத் தெரியும்.

சம்பளம் என்று காட்டுகிறார்களே, அதில் எவ்வளவு நிச்சயம்? மாதம் 70 மணி நேரம் பறந்ததற்கான சம்பளத்துக்கு உத்தரவாதமா, 40-க்கா? விமானங்கள் இன்ஜின் இல்லாமல் தரையில் நின்றால் மீதிக்கு என்ன? கோ ஃபர்ஸ்டில் பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கிடைக்காமல் பாதி விமானங்கள் அப்படித்தான் நின்றன.

எந்த விமானம் என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து பறந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் நினைவிருக்கிறதா? எம்ப்ரேயர் விமானங்கள். 2010-ல் அது நின்றபோது அந்த ரேட்டிங்கை (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதியை) வைத்துக்கொண்டு உள்நாட்டில் போக இடமில்லை. ஏர்பஸ் 320 ரேட்டிங் கையில் இருந்தால் நாளைக்கே நாலு கதவைத் தட்டலாம்.

"பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாமே" என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். எப்படி மாறுவீர்கள்? 2017-ல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு, அதாவது கோ-பைலட்டுக்கு, ஆறு மாதம். பாண்டு தொகை தனி. எல்லாம் முடித்துப் புது இடத்துக்குப் போனால் சீனியாரிட்டியில் கடைசி ஆள், கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, இன்னும் தள்ளிப்போகும். முதல் முடிவைச் சரியாக எடுங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

"லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்தவன், எவன் அதிகம் தருகிறானோ அவனிடம்தானே போவேன்?" இந்தக் கேள்வி நியாயமானது. இதைக் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. லைசென்ஸ், ரேட்டிங் எல்லாம் சேர்த்தால் ஒரு கோடியைத் தொடுகிறது, அப்பாவின் வீடு அடமானத்தில் இருக்கிறது. ஆனால் தம்பி, கடன்காரனுக்குத்தான் வராத சம்பளம் எல்லாரையும்விட ஆபத்து.

"பைலட்டுகளுக்கு வாங்குவது போதாதா, புலம்பாதீர்கள்" என்பவர்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லவே மனமில்லை. டிஜிசிஏ விதியில் பைலட்டுகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கினார்கள், இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது என்ன நடந்தது? இந்த விதி வருவது நிறுவனத்துக்கு முன்பே தெரியும், போதுமான ஆள் எடுக்கவில்லை. கடைசியில் இரவு விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது நிறுவனத்துக்கு, திட்டு கிடைத்தது கவுண்டரில் நின்ற பிள்ளைகளுக்கு. பைலட்டுகள் ஓய்வு கேட்டதுதான் குற்றம் என்று டிவியில் பேசினார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நாலு செக்டர் (ஏறி இறங்கும் ஒவ்வொரு பயணமும் ஒரு செக்டர்) பறந்து, கடைசி லேண்டிங்கில் கண் எரிய ரன்வேயைத் தேடும்போது பின்னால் உங்கள் அம்மாவும் குழந்தையும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோஸ்டரைப் பார் என்று நான் சொல்வது பயமா?

பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயத்தோடுதான் இத்தனை வருடம் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறேன்.

கையில் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் அனுப்புங்கள். அன்று சிரித்தவர்களும் அனுப்பலாம். வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன், வெளியூரில் தங்கும் லேஓவர் நாட்களில் எனக்கு நேரம் இருக்கிறது.