18 பேருக்கு ஒரு நியாயம், 11 பேருக்கு ஒரு நியாயம்

போன வாரம் பெரியப்பா வீட்டில் பரண் ஒழிக்கும்போது ஒரு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே மனு நகல்கள், மொத்தம் 7. எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கைதான். ஊர் ஓடையில் இருக்கும் தரைப்பாலத்தை உயர்த்திக் கட்ட வேண்டும், ஐப்பசி மழையில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. முதல் மனு 2017 அக்டோபரில் எழுதியது, கடைசி மனு 2019 பிப்ரவரியில். முதல் மனுவில் பெறுநர் என்ற இடத்தில் 'உயர்திரு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்' என்று எழுதியிருந்தார். பழக்க தோஷத்தில் கை எழுதிவிட்டது, அப்புறம்தான் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை என்று நினைவு வந்திருக்கிறது.

அந்த அடித்தலைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் தகுதி நீக்கம் செய்த 18 அதிமுக உறுப்பினர்களில் எங்கள் எம்.எல்.ஏ.வும் ஒருவர். தொகுதிப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கமெண்டில் சாதியும் கட்சியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஓடை காணாமல் போய்விடும். ஆண்டிப்பட்டி முதல் பெரம்பூர் வரை, ஒட்டப்பிடாரம் முதல் ஆம்பூர் வரை அந்த 18 தொகுதியில் எதை வைத்துக்கொண்டாலும் கதை இதுதான். 2019 மே மாதம் இடைத்தேர்தல் முடிவு வரும் வரை, ஏறத்தாழ 20 மாதம், லட்சக்கணக்கான வாக்காளர்களுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை.

நடந்ததை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதில் இருக்கும் அநியாயம் தெரியும்.

2017 பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் அம்மா சமாதி முன் கண்மூடி உட்கார்ந்தார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் ரிசார்ட்டுக்குப் போனார்கள். பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சசிகலாவைச் சிறைக்கு அனுப்பியது. 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. திமுகவினரை வெளியேற்றினார்கள், ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. அந்த 11 பேரும் இரட்டை இலையில் ஜெயித்தவர்கள், ஓ.பி.எஸ். அணி. தங்கள் கட்சி ஆட்சிக்கு எதிராக, சபைக்குள்ளேயே வாக்களித்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று எடப்பாடி அணியும் ஓ.பி.எஸ். அணியும் கைகோத்தன. எதிர்த்து வாக்களித்த ஓ.பி.எஸ். அன்றைக்கே துணை முதல்வர் ஆனார். அவருடன் எதிர்த்து வாக்களித்த மாஃபா பாண்டியராஜனும் அமைச்சர் ஆனார். மறுநாள், அதாவது ஆகஸ்ட் 22 அன்று, சசிகலா தரப்பின் தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சபையில் அவர்கள் எதிர்த்து வாக்களிக்கவில்லை. கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார், அவர் மேல் நடவடிக்கை இல்லை. மீதி 18 பேரின் பதவி ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. கடிதம் கொடுத்ததே கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டதற்குச் சமம் என்றார் சபாநாயகர். 18 பேர் போனதும் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கை 117லிருந்து 108க்கு இறங்கியது. ஆட்சி பிழைத்தது.

அந்த 11 பேர்? அவர்கள் மீதும் சபாநாயகரிடம் மனு இருந்தது, 2017 மார்ச்சிலிருந்தே இருந்தது. திமுக கொறடா சக்கரபாணி உயர் நீதிமன்றம் போனார், உச்ச நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சபாநாயகரே முடிவெடுப்பார் என்று விட்டுவிட்டது. அந்த முடிவு வருவதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது.

அதே சபாநாயகர், அதே பத்தாவது அட்டவணை (அரசியலமைப்பில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கும் இடம்). ஒரு மனுவுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்னொரு மனுவுக்கு நான்கு வருஷம் போதவில்லை. சட்டத்தில் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். 2017 மார்ச்சில் சின்னம் முடங்கிக் கிடந்தது, எது உண்மையான கட்சி என்றே தெரியாதபோது யார் கொறடா, யார் உத்தரவு என்றெல்லாம் வாதம் இருந்தது உண்மைதான். 18 பேர் வழக்கிலேயே 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி வந்து அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். நீதிமன்றம் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 11 பேர் விஷயத்தில் ஒரு தீர்ப்பு, சரியோ தப்போ, சபாநாயகர் நாற்காலியிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவேயில்லை. அதுதான் என் கோபம்.

இந்த 20 மாதத்தில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். உள்ளாட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் தனி அலுவலர்கள்தான். ஆக ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. பெரியப்பா மனுவைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போவார். நானும் இரண்டு தடவை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு அலுவலகத்தில், 'எம்.எல்.ஏ. நிதியில் சேர்க்கலாம், அவர் பரிந்துரைக் கடிதம் வேண்டும்' என்றார்கள். 'எங்களுக்குத்தான் எம்.எல்.ஏ. இல்லையே சார்' என்றார் பெரியப்பா. அந்த அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, அவரால் என்ன செய்ய முடியும்?

2018 நவம்பரில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனது. எங்கள் தெருப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கடந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டியிருந்தோம், மறு முனையைப் பெரியப்பா பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்து மூன்று வயது அப்போது.

பெரியப்பா யார் என்றும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து கட்சியில் இருப்பவர், பல வருஷம் கிளைச் செயலாளர். சட்டைப் பையில் அம்மா படம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ஒரு காண்ட்ராக்ட் எடுத்ததில்லை, பிள்ளைக்கு வேலை கேட்டதில்லை. 2017இல் மேலே இருந்தவர்கள் வாரத்துக்கு ஒரு தலைமை என்று மாறினார்கள். ஒரு மாதம் காலில் விழுந்தவரை அடுத்த மாதம் துரோகி என்றார்கள், அதற்கடுத்த மாதம் மேடையில் கட்டிப்பிடித்தார்கள். கீழே இருந்தவர்கள் அந்த வேகத்துக்கு ஓட முடியாமல் நின்றார்கள். 'எந்த அணி பெரியப்பா?' என்று கேட்டால், 'நான் போட்டது எலைக்குத்தாண்டா' என்பார், அதற்கு மேல் பேச மாட்டார். டீக்கடையில் மச்சானும் மச்சானும் பேச்சு நின்றது. ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எந்த அணித் தலைவர் பெயரைப் போடுவது என்று தகராறு வந்து, கடைசியில் யார் பெயரும் இல்லாமல் அச்சடித்தார்கள். விசுவாசம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி ஆட்களிடம்தான் இருந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு இவர்களைத் தெரியாது. அதில் கட்சிக் கட்டளை இருக்கிறது, கொறடா இருக்கிறார், வாக்காளர் என்று ஒரு ஆள் இல்லவே இல்லை.

இதை அதிமுகவோடு முடித்துவிட முடியாது. நான் 2016இல் ஓட்டுப் போட்டது திமுகவுக்கு. 18 பேர் நீக்கப்பட்டபோது எங்கள் பக்கத்தில் ஜனநாயகப் படுகொலை என்று எழுதாத ஆளில்லை, நானும் எழுதினேன். அப்புறம் அந்த 18 பேரில் செந்தில் பாலாஜி 2018 டிசம்பரிலும் தங்க தமிழ்ச்செல்வன் 2019 ஜூனிலும் திமுகவுக்கே வந்தார்கள். அதுவரை நாங்கள் அவர்களைப் பற்றிப் பேசிய பேச்சு ஒரே நாளில் மாறியது. நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

தெலங்கானாவைப் பாருங்கள். 2019இல் காங்கிரஸின் 12 எம்.எல்.ஏ.க்கள் மொத்தமாக டி.ஆர்.எஸ்.ஸில் கலந்தார்கள். காங்கிரஸ் அன்று கதறியது நியாயம். 2024 தேர்தல் அறிக்கையில் கட்சி தாவினால் பதவி தானாகப் போக வேண்டும், அதற்குப் பத்தாவது அட்டவணையைத் திருத்துவோம் என்று எழுதியது. அதே தேர்தலில், பி.ஆர்.எஸ். (டி.ஆர்.எஸ்.ஸின் புதுப் பெயர்) எம்.எல்.ஏ.வாக இருந்த தானம் நாகேந்தரைச் செகந்திராபாத்தில் காங்கிரஸ் வேட்பாளராகவே நிறுத்தியது. பி.ஆர்.எஸ்.ஸிலிருந்து காங்கிரஸுக்கு மாறிய 10 பேர் விவகாரத்தில் சபாநாயகர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மகாராஷ்டிராவில் 2022இல் பிளந்த சிவசேனை வழக்கில் 2024 ஜனவரியில்தான் சபாநாயகர் தீர்ப்பு வந்தது. ஆளுங்கட்சியின் பெயர் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

1967இல் ஹரியானாவில் கயா லால் என்பவர் இரண்டு வாரத்தில் மூன்று தடவை கட்சி மாறினார். அந்தக் கூத்தையெல்லாம் நிறுத்த 1985இல் இந்தச் சட்டம் வந்தது. நீதிபதி வேலையைச் சபாநாயகரிடம் கொடுத்ததில்தான் ஓட்டை. 1992இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றபோதே, ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர் எப்படி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்வார் என்பதுதான் அவர்கள் கவலை. 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே, மூன்று மாதத்துக்குள் முடிவு வேண்டும், இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றது. யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு எதிர்க்கட்சியாக இருப்பவர் நாளைக்கு ஆளுங்கட்சி, அப்போது அந்த நாற்காலி தனக்குக் கைகொடுக்கும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

பாலம் 2020இல் வந்துவிட்டது. இடைத்தேர்தலில் ஜெயித்தவர் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை, முதல் கூட்டத்திலேயே மனுவை வாங்கிக்கொண்டார், பரிந்துரைத்தார், கட்டினார்கள். ஒரு வருஷ வேலை. அந்த வேலைக்கு 20 மாதம் ஆள் இல்லாமல் கிடந்தோம்.

மஞ்சள் பையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாமா என்று கேட்டேன். பெரியப்பா வேண்டாம் என்றார். முதல் மனுவை மட்டும் எடுத்து, அந்த அடித்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தார். 'அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், நம்ம கட்சியா இருந்தாலும் சரி, இதைக் காட்டி ஒரு கேள்வி கேக்கணும்' என்றார். 'உங்க கட்சிக்கு ஒருத்தன் தாவி வந்தா, உங்க சபாநாயகர் மூணு மாசத்துல தீர்ப்புச் சொல்லுவாரான்னு கேக்கணும்.'

பை இப்போது பரணில் இல்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.