ஒரு குறிக்கு ஒலி சூட்டும் முன்பு

சிந்துவெளி எழுத்துப் புதிரை அவிழ்ப்பவர்களுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழக முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்தார். அதன்பின் "படித்துவிட்டேன்" என்று சொல்லும் பதிவுகள் எனக்கு நிறைய வருகின்றன. அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு குறியைப் பார்த்து, அதற்கு ஓர் ஒலியைச் சூட்டி, உடனே அடுத்த குறிக்குத் தாவிவிடுகிறார்கள். சிந்துவெளிப் பொறிப்புகள் பெரும்பாலும் சிறு முத்திரைகளில் இருப்பவை; அதே குறிவரிசை வேறு எந்த முத்திரையில் வருகிறது, அங்கே எந்தக் குறி மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

தருமபுரிக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். நம் அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறுப்பூசல் (ஆநிரை கவரும் சண்டை), அதில் இறந்துபட்ட வீரன் என்று பல கற்களில் பொறிப்பு ஒரே போக்கில் செல்லும். "கோவிசைய" என்று அரசனைக் குறித்துத் தொடங்கும் வரி நடுவில் பொரிந்து போயிருந்தாலும், அதே தொடர் இன்னொரு கல்லில் முழுதாக இருந்தால் விடுபட்டது தெரிந்துவிடும். பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் ஒரே எழுத்தை வெவ்வேறு கைகள் எப்படி வெட்டின என்பதும், மைப்படிகளை (கல்மேல் தாள் ஒற்றி மையிட்டு எடுக்கும் படிகளை) அருகருகே விரித்தால்தான் புலப்படும்.

அங்கே மொழி நமக்குத் தெரியும். தெரியாத இடத்திலும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ என்ற குறியெழுத்து சாட்சி. அது செதுக்கப்பட்ட மரப்பலகைகளில் எஞ்சியவை சுமார் இரண்டு டஜன்தான். ஒரு வரி நேராக இருந்தால் அடுத்த வரி தலைகீழாக இருக்கும். படிப்பவர் பலகையையே திருப்பிப் பிடிக்க வேண்டும். 1940 வாக்கில் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போரிஸ் குத்ரியாவ்த்சேவ் என்ற இளம் மாணவர், அந்நகர அருங்காட்சியகத்தின் இரண்டு பலகைகளிலும் ஒரே பாடம் ஓடுவதைக் கண்டார். சிலியின் சந்தியாகோவிலுள்ள பெரிய பலகையிலும் அதே பாடம்! இன்றுவரை அதில் ஒரு வரியைக்கூட யாராலும் படிக்க முடியவில்லை. ஆனாலும் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். ஒரு பலகையில் ஒட்டிச் செதுக்கப்பட்ட குறி, இணையான இடத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றால் அது கூட்டுக்குறி. வேறு வேறு என்று எண்ணிய இரு வடிவங்கள் ஒரே இடத்தில் மாறி மாறி வந்தால், அவை ஒரே குறியின் இரு தோற்றங்களாக இருக்கலாம், குறிப்பட்டியல் சுருங்குகிறது. ஒரு துண்டு மட்டும் ஒரு பலகையில் முழுதாக விடுபட்டிருந்தால், தொடர் எங்கே முடிகிறது என்பதற்கு அது ஒரு தடயம். ஒலியைப் பற்றி ஒரு ஊகமும் செய்யாமலே இவ்வளவும்.

சிந்துவெளியில் இப்படி நீண்ட பாடங்களை ஒப்பிடும் வசதி குறைவு. சராசரியாக ஒரு பொறிப்பில் ஐந்து குறிகள்தான். இருந்தும் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 417 குறிகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் வரும் எல்லா இடங்களையும் 1977-இல் தொகுத்துக் கொடுத்தார். ஜாடி போன்ற குறி பெரும்பாலும் பொறிப்பின் கடைசியில் வருகிறது என்பதை அத்தகைய தொகுப்பை வைத்து எவரும் சரிபார்க்கலாம். நம் ஊர் அகழாய்வுகளில் கிடைக்கும் பானையோட்டுக் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். தனிக்குறி ஒன்று ஒத்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று குறிகள் அதே வரிசையில் திரும்ப வந்தால் அந்தச் சான்றின் எடையே வேறு.

ஆகவே புதிய வாசிப்பை எனக்கு அனுப்புபவர்கள், அந்தக் குறிவரிசை வரும் மற்ற முத்திரைகள் அனைத்தையும் உடன் அனுப்புங்கள். உங்கள் வாசிப்பு பொருந்தாத முத்திரைகளையும் சேர்த்து.