'குட்பை'யில் 'குட்' கிடையாது

குட்மார்னிங், குட்நைட் எல்லாம் புரிகிறது. குட்பையில் 'பை' என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் பல வாத்தியார்கள் முழிப்பார்கள். 'குட்'டை வைத்துப் பிரிக்கத் தொடங்கினால் முழிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த 'குட்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. மூலம் ஒரு முழு வாக்கியம்: 'காட் பி வித் யீ'. இறைவன் உம்மோடு இருப்பாராக.

'இஸ்' வராமல் 'பி' வந்திருப்பதைக் கவனியுங்கள். அது நம் வியங்கோள், 'வாழ்க', 'இருப்பாராக' மாதிரி. 'யீ' பன்மைக்கும் மரியாதைக்கும் வழங்கிய பழைய சொல். வாசல்படியில் நின்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, முதலில் 'வித்'தின் கடைசி ஒலி உதிர்ந்தது. பிறகு 'பி', 'வி', 'யீ' மூன்றும் சுருண்டு 'ப்வை' ஆயின. அதிலும் வகரம் விழ, மிஞ்சியது 'பை'.

இது ஊகமில்லை, இடைப்பட்ட வடிவங்கள் எழுத்தில் இருக்கின்றன. 1570களில் கேம்பிரிட்ஜ் அறிஞர் கேப்ரியல் ஹார்வி ஒரு கடிதத்தில், நீங்கள் தந்த ஒரு கேலன் (பால், எண்ணெய் அளக்கும் அளவு) 'காட்ப்வை'களுக்கு ஈடாக அரைக் கேலன் 'ஹவ்டை'கள் தருகிறேன் என்று கேலியாக எழுதினார். ('ஹவ்டை'யும் ஒரு சுருக்கம்தான்: 'ஹவ் டூ யீ'.) இரண்டுக்கும் பன்மை விகுதி சேர்த்திருக்கிறார். அப்போதே வாக்கியம் செத்து, ஒற்றைச் சொல் பிறந்துவிட்டது என்பதற்கு அந்த விகுதிதான் சாட்சி.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இன்னும் சுவையான சாட்சி. உடனிருந்தவர்களை அனுப்பிவிட்டு அவன் தனியாகப் பேசத் தொடங்கும் இடம். 1604-05 அச்சில் 'காட் பை டு யூ' என்றும், 1623 தொகுப்பில் 'காட் பை யீ' என்றும் இருக்கிறது. இரண்டிலும் அந்தப் 'பை', விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் 'பை'யின் எழுத்துக்கூட்டலில்! முந்தைய அச்சில் நடுவே ஒரு 'டு' வேறு. உள்ளே 'வித்' ஏற்கெனவே இருப்பது நினைவில் இருந்தால் யாரும் அங்கே 'டு'வைச் செருக மாட்டார்கள்.

பொருள் மறந்த சொல் பக்கத்தில் இருப்பவற்றின் சாயலை வாங்கிக்கொள்ளும். குட் டே, குட் நைட், குட் மாரோ என்று வணக்கச் சொற்கள் வரிசையாக நிற்க, 'காட்'டும் 'குட்' ஆனது. வேடிக்கை என்னவென்றால், அந்த 'குட் டே'யே 'இறைவன் உமக்கு நல்ல நாள் தருக' என்ற வாழ்த்தின் மிச்சம்தான்.

கடவுள் பெயரை வீணாகச் சொல்ல அஞ்சியே 'குட்' என மாற்றினார்கள் என்றும் சொல்வார்கள். 1606-இல் மேடையில் கடவுள் பெயரை அவமதிப்பாகச் சொன்னால் 10 பவுன் அபராதம் என்று சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது நாடகக்காரர்களுக்கான சட்டம். வீட்டிலும் தெருவிலும் புழங்கிய சொல்லை அது மாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரிசைச் சாயல் என்ற காரணமே போதும்.

இன்று வெறும் 'பை' சொல்பவர்கள் கடவுளை வெட்டிவிட்டு 'உம்மோடு இருப்பாராக'வை மட்டும் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் 'பை'க்கும் இதற்கும் உறவே இல்லை. அது பக்கத்தைக் குறிக்கும் 'பை'.

ஒலி ஒத்திருக்கிறது என்று இரண்டு சொற்களை முடிச்சுப் போட்டு, ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று பதிவு போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மிகப் பழைய எழுத்துச் சான்று எந்த ஆண்டு? நடுவிலுள்ள வடிவங்கள் எங்கே? அந்த ஒலி ஏன் மாறியது? இம்மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அது வேர்ச்சொல் ஆய்வு இல்லை, பொழுதுபோக்கு.

'லீவ்' இதற்கு நல்ல பாடம். 'டேக் லீவ்' என்றால் விடைபெறுதல் என்பதால், கிளம்புதலைக் குறிக்கும் 'லீவ்'தான் அது என்று தோன்றும். இல்லை. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்று விட்டுச்செல்வது, மற்றது அனுமதி. நாம் போடும் 'லீவு' அந்த அனுமதியின் வழி வந்தது. லீவு லெட்டர் என்றால் சரியாக அனுமதிக் கடிதம்.

'ஃபேர்வெல்'லில் ஒளிவு மறைவு இல்லை. 'ஃபேர்' என்றால் பயணம் போ, 'வெல்' என்றால் நலமாக. பஸ் கட்டணமான 'ஃபேர்' அதே வேர்தான், திருப்பிப் போட்டால் 'வெல்ஃபேர்'. இருப்பவர் போகிறவருக்குச் சொல்வது இது. ஜூனியர்கள் சீனியர்களுக்குக் கொடுக்கும் ஃபேர்வெல் பார்ட்டி அந்த வகையில் மிகச் சரியான பிரயோகம்.

கடைசியாக, குழந்தைகளை நாம் காட்டச் சொல்லும் 'டாட்டா'. அதுவும் ஆங்கில மழலைச் சொல்தான், 1823-இலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஜாம்செட்ஜி டாடா வணிகம் தொடங்கியது 1868-இல். லாரிக் கம்பெனியைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள்.