காய்க்குள் வந்து சேரும் குளவி

எரிமலை அழித்த தீவொன்றில் புல் முளைத்த படத்தைப் பார்த்ததும் 'உயிர் திரும்பிவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். என்னைக் கேட்டால், வேறொரு பூச்சியின் புழுவில் முட்டையிட்டு, அதைத் தின்றே தன் குஞ்சுகளை வளரவிடும் ஒட்டுண்ணிக் குளவி அங்கே குடியேறிய பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும்.

இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறிய கிரக்கத்தோவாவில், எஞ்சிய ராக்கட்டா தீவு சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்துபோனது. ஒன்பது மாதம் கழித்துச் சென்ற பிரெஞ்சுக் குழு அங்கே கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. காற்றில் வந்து விழும் எந்தப் பூச்சியும் சிலந்திக்கு இரையாகும்; ஒட்டுண்ணிக் குளவிக்கோ குறிப்பிட்ட ஓர் இனத்தின் புழு, குறிப்பிட்ட பருவத்தில், காத்திருக்க வேண்டும்.

கடலைக் கடப்பது அதற்குப் பெரிய தடையன்று. எள்ளளவு உடலைக் காற்றே தூக்கிச் சென்றுவிடும். ஆனால் இணை சேராத பெண் குளவி இட்ட முட்டைகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களே பிறக்கும் என்பதால், தனித்து வந்த கன்னிக் குளவியின் வழி பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கருவுற்று வந்த ஒரே ஒரு தாய் போதும், ஒரு குலம் தொடங்கிவிடும்.

இரை முதலில், ஒட்டுண்ணிக் குளவி பிறகு என்ற இந்த வரிசையை அத்தியில்தான் தெளிவாகக் காணலாம். பறவையும் வௌவாலும் விதையைக் கொண்டுவந்து போட, மரம் வளர்ந்து காய்க்கிறது. ஓரிரு நாளே வாழும் மகரந்தக் குளவி, காயின் நுனித் துளைக்குள் சிறகு பிய்ந்துபோகும்படி நுழைந்து, உள்ளே மறைந்திருக்கும் பூக்களுக்கு மகரந்தம் தந்து, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அதன் பின்னரே ஒட்டுண்ணிக் குளவிக்கு வேலை. அது உள்ளே போவதில்லை. காயின் மேல் நின்றபடியே, தன் உடலைவிட நீண்ட, மயிரிழை போன்ற ஊசியைத் தோல் வழியாக இறக்கி முட்டையிடுகிறது. பிட்டால் அத்தனையும் புழு என்று நாம் முகம் சுளிக்கும் அந்தக் காய்க்குள் இத்தனை அடுக்கு உறவு இருக்கிறது.

1927-இல் கடலடியில் வெடிக்கத் தொடங்கி, பின்னர் கடலுக்கு மேல் எழுந்த 'பிள்ளை'த் தீவான அனாக் கிரக்கத்தோவாவில் மரங்கள் காய்த்தும், மகரந்தக் குளவி போதாமல் பல காய்கள் வித்தில்லாமல் வீணாயின. அந்த நாட்களில் எடுத்த படமும் பச்சைப்பசேலென்றுதான் இருந்திருக்கும். 2018 டிசம்பர் 22 அன்று அதே தீவின் ஒரு பக்கம் சரிந்து, அடுத்த சில நாட்களில் 338 மீட்டர் உயரம் ஏறத்தாழ 110 மீட்டராகக் குறைந்து, மீண்டும் சாம்பல் மூடியது. அங்கே இனி ஆய்வுக்குச் செல்பவர்கள் இலையை எண்ணுவதோடு நின்றுவிடாமல், முதல் அத்திக்காயைப் பிளந்தும் பார்க்க வேண்டும்.