நாலு பேர் போதாது

ஒரு பாத்திரமாக மாறி, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு ஆடும் வீடியோ கேம்களில் குழுவில் நாலு பேர் இருந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது ஒத்துவரவில்லை. 2000இல் வந்த பால்டர்ஸ் கேட் 2இல் நம்மோடு சேர்த்து ஆறு பேர். ஒருவரையொருவர் பிடிக்காத துணைப் பாத்திரங்களான கெல்டோர்னையும் விகோனியாவையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் வாய்ச்சண்டையில் தொடங்கி வெட்டுக்குத்தில் போய் முடியும். அந்தச் சுவையே தனி!

2023இல் வந்த மூன்றாம் பாகத்தில் குழுவுக்கு நாலு பேர்தான். பூட்டுத் திறக்க ஆஸ்டேரியன், காயம் ஆற்ற ஷேடோஹார்ட், அப்புறம் நான். மிச்சம் ஒரே இடம். கேல், லாசெல், கார்லாக் மூவரில் இருவர் முகாமில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு முறை வைத்து நடக்கும் சண்டையில் ஆறு பேர் என்றால் இழுக்கும்தான், சரி.

மாஸ் எஃபெக்ட் என்ற இன்னொரு கேமில் நம்மோடு கூட வருபவர்கள் இரண்டே பேர். ஆனாலும் விர்மயர் என்ற கிரகத்தில், துணைக்கு வந்த ஆஷ்லி, கைடன் இருவரில் யாரைக் காப்பாற்றுவது என்று கேட்டபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.