திருத்தம்: மாற்றுச் சான்றிதழ் தந்து அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை

ஆட்டிசம் உள்ள ஐந்தாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அடித்தால், மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப் பள்ளிக்கு உரிமை உண்டு என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவிலும், உடல் தண்டனையும் மன உளைச்சலும் தரக் கூடாது என்று 17ஆம் பிரிவிலும் சொல்கிறது. அடிபட்ட பிள்ளையின் பாதுகாப்பு முதலில் வருவதுதான். இருவரையும் பிரித்து, இரு வீட்டாருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஆனால், அது மீண்டும் நடக்காமல் இருக்க, அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை நேரத்தோடு குறித்து வைப்பதே பெரும்பாலும் வழி காட்டுகிறது. கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், மணியடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிய சிறுவனை, மணி தொங்கும் வாசலை விட்டுக் கடைசி ஜன்னலோரம் உட்கார வைத்த பிறகு, அந்தத் தள்ளுமுள்ளு வெகுவாகக் குறைந்தது. அரசுப் பள்ளியானால், வட்டார அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை (மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான ஆசிரியரை)த் தலைமை ஆசிரியர் வழியாக அழைக்கலாம்.